இயந்திரம் ஒரு முறைதான் காரணம் சொல்லும்

1

இந்த மாதத்தோடு நான் மலாக்காவுக்கு வந்து மூன்று வருடம் முடிகிறது. "வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் என்று உன் அனுபவத்தை நாலு பக்கம் எழுதி அனுப்பு. படிக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று இந்த இதழின் ஆசிரியர் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஆற்றங்கரை, சிவப்புக் கட்டடங்கள், வாரச் சந்தை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் சுற்றுலா வந்தவள் எழுதியதுபோல இருந்தது. கிழித்துப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை, வேலை அனுமதியைப் புதுப்பிக்க, இமிகிரேஷன் என்கிற குடிநுழைவு அலுவலகத்துக்குப் போன இடத்தில் லெட்சுமியைப் பார்த்தேன். அதன் பிறகு இதைத் தவிர வேறு எதையும் எழுத வரவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயரையும் அப்பா பெயரையும் தவிர. இதில் ஊக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் படிக்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: முசிறிப் பக்கம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் கருப்பையாவின் மூத்த மகள், மலர்விழி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலெடுத்து வைத்தவள். திருச்சியில் கணினி மேற்படிப்பு. தங்கை கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, அவ்வளவு திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். திமிர் எனக்கு உண்டு. ஆனால் வராததற்கு அது காரணமில்லை. அந்தக் காரணமும் இதில் வரும்.

பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. இங்கே அதிகாரிகள் கடைசியில் இருப்பதைத்தான் கூப்பிடுவார்கள். "கருப்பையா!" என்று கவுன்டரிலிருந்து குரல் வரும். நான் எழுந்து போவேன். கைநாட்டு வைக்கிற மனிதரின் பெயரை இன்னொரு நாட்டு அரசாங்கம் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறது என்று முதல் வருடம் மார்பு விம்மியது.

2

எங்கள் அலுவலகம் மலாக்கா ஊருக்குள், ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஆறு மேசை. முதலாளி நடராஜாவை எல்லாரும் பாஸ் என்பார்கள், நான் சார் என்பேன். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. வீட்டிலும் ஆங்கிலம்தான். எப்போதாவது தமிழ் பேசினால் அது யாழ்ப்பாணத் தமிழாக இருக்கும். அந்தக் காலத்தில் அவரே புரோகிராம் எழுதியவர். காட்டினால் விளங்கிக்கொள்வார், தானாகத் தேட மாட்டார்.

ஜாவா அப்போது புது மொழி. இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அதற்காகத்தான் என்னை வரவழைத்தார். பாஸ்போர்ட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இங்கே பல இடங்களில் அப்படித்தான். வருடத்துக்கு ஒரு முறை அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்தால் நான் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கி வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும்.

லெட்சுமி சேர்ந்தது போன வருடம். என்னைவிட ஏழு வயது மூத்தவள். பெம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம், அதாவது நம் பதினொன்றாம் வகுப்பு வரை படித்து, பத்து வருடம் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். மாலையில் கணினி வகுப்புக்குப் போய்த் தேறி எங்களிடம் வந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவது என்று பேச்சு. நாங்கள் எழுதுகிற புரோகிராமை ஃபிளாப்பி என்கிற நெகிழ்வட்டுகளில் வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வாடிக்கையாளரிடம் போய், அங்குள்ள கணினியில் போட்டுவிட்டு வர வேண்டும். அதுதான் அவள் வேலை. உட்கார்ந்து பார்க்கும் முதல் வேலை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாள் காலை என் மேசைக்கு வந்து, "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்றாள்.

காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் கேட்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ பஞ்ச காலத்துப் பேச்சு மாதிரி. தங்கச்சி என்றது பிடிக்கவில்லை.

"ஆபீஸ்ல என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. மேடம்னு கூப்பிடுங்க."

"அப்படிங்களா?" அவள் கோபப்படவில்லை, இந்த ஊர் 'லா'வைச் சேர்த்துச் சொன்னாள். "சரிலா. மேடம் பசியாறிட்டாங்களா?"

மற்ற மேசைகளில் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவளை எனக்கு ஆகவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரையில் ஏதாவது பிழைச் செய்தி வந்தால், பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, பெரிய ஆங்கில எழுத்துகளில் அப்படியே வரைந்துகொண்டு வருவாள். ஒரு புள்ளி விடாமல். மற்றவர்கள் "என்னமோ எர்ரர் வருது" என்று வந்து நிற்பார்கள்.

"என்ன லெட்சுமி, படம் வரையிறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் நம்பிக்கையில்ல மேடம். எது முக்கியம், எது முக்கியமில்லன்னு நானா முடிவு பண்ணிட்டா தப்பாயிடும்லா. வந்தத வந்த மாரி எழுதிட்டா படிச்சவங்க பாத்துக்குவாங்க."

படிச்சவங்க என்றது என்னைத்தான்.

3

இனி கொஞ்சம் கணினி. பயப்பட வேண்டாம், இது தெரியாமல் நான் செய்தது விளங்காது.

ஜாவாவில் ஒரு புரோகிராமைப் பல துண்டுகளாக எழுதுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் கிளாஸ் என்று பெயர். எழுதியவரின் கணினியில், எல்லாத் துண்டுகளும் இருக்கின்றனவா, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் சரிபார்க்கப்படும். ஆனால் அது என் மேசையில் நடக்கிற சரிபார்ப்பு. வாடிக்கையாளரின் கணினியில் ஓடும்போது எல்லாத் துண்டுகளும் ஒரேயடியாக எழுந்து வருவதில்லை. எது முதன்முதலாகத் தேவைப்படுகிறதோ அதை அப்போதுதான் இயந்திரம் போய்த் தேடி எடுத்து வரும். அரைக்கப் போகும்போதுதான் வீட்டில் அம்மி இல்லை என்று தெரிவதுபோல, அந்த நேரத்தில்தான் இல்லாதது தெரியும். அதுவரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இன்னொரு விதமும் உண்டு. துண்டு இருக்கும். இயந்திரம் அதை எடுத்தும் வரும். ஆனால் வேலை தொடங்குமுன் அது ஒரே ஒரு தடவை செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பு ஏதாவது இருந்து, அதில் தவறிவிட்டால், இயந்திரம் அந்த முதல் தடவை மட்டும் காரணத்தோடு சொல்லும்: இன்ன தயாரிப்பில், இன்னது கிடைக்காமல் தவறியது என்று. பிறகு அந்தக் கிளாஸ் உதவாது என்று குறி போட்டுவிடும். அடுத்த தடவை கேட்டால் காரணம் வராது. அந்தக் கிளாஸ் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரிதான் வரும். உண்மையிலேயே ஃபைல் விடுபட்டுப் போனாலும் அதே வரிதான். புரோகிராமை மூடித் திறந்தால் மறுபடி ஒரே ஒரு தடவை காரணம் சொல்லும். பிறகு பழையபடி ஒற்றை வரி.

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு ஓட்டலுக்கு அறை பதிவு செய்யும் புரோகிராம் எழுதினேன். நான் தனியாக எழுதிய முதல் பெரிய வேலை. அறை வாடகையைச் சொல்லும் கிளாஸுக்கு 'ரூம்ரேட்' என்று பெயர் வைத்தேன். ஓட்டல் கணினியில் போட வேண்டிய பன்னிரண்டு ஃபைல்களின் பட்டியலை நானே எழுதி லெட்சுமியிடம் கொடுத்தேன். சனிக்கிழமை போனவள் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், போட்டாச்சி. ஸ்கிரீன் நல்லா வருது. ஒரு ரூம் புக் பண்ணிப் பாத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். ஸ்கிரீன் வந்தா போதும். நான் எழுதினது."

திங்கட்கிழமை பள்ளி விடுமுறை தொடங்கியது. காலை ஒன்பது மணிக்கு ஓட்டல் வரவேற்பறையில் பிள்ளைகளும் பெட்டிகளுமாக இருபது குடும்பம். முதல் குடும்பத்துக்கு அறை கொடுக்க வரவேற்புப் பெண் பொத்தானை அழுத்தினாள். வாடகை வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினாள். ஓட்டல் மேலாளர் எங்கள் பாஸைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தியது என் மேசை வரை கேட்டது. லெட்சுமி மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அரை மணியில் கூப்பிட்டாள்.

"மேடம், ரூம்ரேட் கெடைக்கலன்னு வருது."

"அந்த ஃபைலைக் காப்பி பண்ணாம வந்திருக்கீங்க."

"இருக்கு மேடம். கண்ணு முன்னால இருக்கு. பன்னெண்டும் இருக்கு."

"இருந்தா ஏன் கிடைக்கலைன்னு வருது? கிளம்பி வாங்க."

அவள் உடனே கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மழையில் நனைந்து வந்தாள். பாஸ் வருவதற்கு முன், என் மேசையருகே நின்று, பிளாஸ்டிக் பையிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். தாள் மட்டும் நனையவில்லை.

"இத நீங்க மட்டும் பாருங்க மேடம். மொதத் தடவ வேற மாரி வருது. மூனு தடவ மூடித் தெறந்து பாத்துட்டேன்."

"எனக்குக் கடைசி வரி போதும்" என்று மடித்து இழுப்பறையில் போட்டேன்.

பாஸ் வந்தார். உட்காரவில்லை.

"யாருடைய பிழை?"

"பன்னெண்டும் போட்டேன் பாஸ். எண்ணித்தான் போட்டேன்" என்றாள் லெட்சுமி.

"அப்ப ஏன் இல்லையெண்டு சொல்லுது?"

அவள் என்னைப் பார்த்தாள். கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"மெஷின் பொய் சொல்லாது சார்" என்றேன்.

பாஸ் தலையசைத்தார். "வெள்ளிக்கிழமை உமக்கு ஆறு மாசம் முடியுது, லெட்சுமி. நிரந்தரமோ இல்லையோ எண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லுறன்."

4

ஊரை நினைக்கும்போது எனக்கு வருவது வேப்பமரமோ ஆறோ இல்லை. கடிதங்கள்தான்.

எங்கள் தெருவில் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்தி. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். பத்து வயதில் எனக்கு அது ராஜ பதவி. வேண்டுமென்றே காத்திருக்க வைப்பேன். கை கழுவுவேன், விளையாடுவேன், பிறகு உறையைக் கிழிப்பேன்.

எதிர்வீட்டுப் பொன்னுத்தாயின் மகன் சூரத்தில் மில் வேலைக்குப் போயிருந்தான். ஒரு தடவை அவள் வீட்டு வாசலில் நான் நொண்டி விளையாடியதற்குத் திட்டினாள். அடுத்த வாரம், அவன் யாரிடமோ எழுதி வாங்கி அனுப்பிய கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல், வேலை நடக்கிறது என்று படித்தேன். நடுவில் 'பொங்கலுக்கு வருகிறேன், அம்மா' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தாண்டிப் போனேன்.

பொங்கலன்று அவன் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பொன்னுத்தாய் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனான். விடுப்பு அவ்வளவுதான். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் பொன்னுத்தாய் என்னிடம் வந்து, "ஏன் கண்ணு, அவன் வாரேன்னு எழுதலையா?" என்று கேட்டாள்.

"எழுதலை" என்றேன்.

அவள் நம்பினாள். படிக்கத் தெரிந்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. படிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். சரியாக விளங்கவில்லை. ஆனால் அப்படித்தான் விளங்கியது.

5

ஓட்டலில் பிழை வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் யாரும் வருமுன் தாளை எடுத்துப் பிரித்தேன்.

கீழே ஒற்றை வரி, ரூம்ரேட் கிடைக்கவில்லை என்பது, ஆறு தடவை எழுதியிருந்தது. ஆறு தடவை வந்திருக்கும், ஆறு தடவையும் எழுதியிருக்கிறாள். அதற்கு மேலே, வேறு மாதிரி ஐந்து வரி. ரூம்ரேட் தன் தயாரிப்பில் தவறியது. காரணம், தேடிய ஃபைல் இல்லை. எந்த ஃபைல் என்று அடுத்த வரி. டி டிரைவ். அதற்குள் ஒரு கோப்புறை. கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எம், ஏ, எல், ஏ, ஆர்.

மலர்.

ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, பள்ளி விடுமுறை நாட்களில் ஓட்டல் வாடகை கூடும். அந்த நாட்களைப் பள்ளி நாள்காட்டி கொண்டுவந்து எனக்குச் சொன்னவளே லெட்சுமிதான். அவள் சொல்லச் சொல்ல ஒரு ஃபைலில் அடித்து, என் கணினியில் என் பெயர் போட்ட கோப்புறையில் வைத்தேன். ரூம்ரேட் எழுந்ததும் அங்கே போய் அதைப் படிக்கும்படி எழுதினேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தேன். என் கணினியில் என் கோப்புறை எப்போதும் இருக்கும். ஆகவே எனக்கு எப்போதும் ஓடியது. ஓட்டல்காரன் கணினியில் மலர் என்று யார் இருக்கப் போகிறார்கள்? நான் எழுதிக் கொடுத்த பன்னிரண்டில் அந்தப் பதின்மூன்றாவது இல்லை.

உறுதி செய்துகொள்ள என் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை ஐந்து வரி, அடுத்த தடவை ஒற்றை வரி. அவள் எழுதியிருந்தபடியே, ஒரு புள்ளி மாறாமல்.

திருத்தப் பத்து நிமிடம் ஆனது. புதன்கிழமை நானே பஸ் பிடித்து தஞ்சோங் கிளிங் போய், அந்தப் பதின்மூன்றாவதையும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்தேன். வாடகை வந்தது. மேலாளர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து பாஸிடம் சொன்னேன்:

"விடுபட்டிருந்த ஃபைலைப் போட்டுட்டேன் சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பஸ்ஸில் வரும்போது முழு வழியும் யோசித்துத் தேர்ந்தெடுத்த வாக்கியம்.

அந்த வாரம் என் வேலை அனுமதிக்கான விண்ணப்பப் பாரமும் பாஸ் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. இந்த நாட்டுப் பணமான ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து கம்பெனிகள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த நேரம். "உள்ளூரில ஆள் இருக்கே, ஏன் வெளியாள் எண்டு இமிகிரேஷன் கேட்டா நான் என்ன சொல்ல?" என்று அவர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், பிழை என்னுடையது என்று சொல்ல புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் இருந்தது. கதவு திறந்தேதான் இருந்தது. இரண்டு தடவை எழுந்தேன். ஒரு தடவை தண்ணீர் குடித்தேன், இன்னொரு தடவை கழிப்பறைக்குப் போனேன்.

லெட்சுமி அந்த மூன்று நாளும் தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அதைப் படமாகத்தான் வரைந்தாள், என்ன எழுதினோம் என்றே தெரியாது என்று நம்பினேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

வெள்ளி மாலை பாஸ் அவளை உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிடம். வெளியே வந்து மேசையில் இருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டாள். என்னிடம் வந்தாள்.

"போய்ட்டு வரேன் மேடம்."

"சரி" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கே என் பாரத்தில் பாஸ் கையெழுத்துப் போட்டார்.

6

ஒரு வருடம். அதன் நடுவில், போன தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பத்து நாள் விடுப்பு கேட்டேன்.

"ஏலாது" என்றார் பாஸ். "நீர் ஊரில நிண்டு, இங்க ஓட்டலில போன முறை மாதிரி பிழை வந்தா யார் பொறுப்பு?" என்று என்னையே பார்த்துச் சிரித்தார்.

தற்செயலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார், போனேன். வேறு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், பாஸிடம் பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். "அது என்னட்டப் பத்திரமாக் கிடக்குது" என்றார். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. குற்றமுள்ள மனசு, அதனால்தான் கேட்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி போன செவ்வாய்க்கிழமை. குடிநுழைவு அலுவலகத்தில் பாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் லெட்சுமி. மெலிந்திருந்தாள். உள்ளூர்க்காரர்கள் பாஸ்போர்ட் எடுக்கவும் அங்கேதான் வர வேண்டும்.

"மேடம்! பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. எங்க பயணம்?"

"சிங்கப்பூர். ஃபேக்டரி. மறுபடி நின்னுக்கிட்டே பாக்குற வேலதான்."

"கம்ப்யூட்டர் வேலை பார்க்கலையா?"

"யாரு குடுப்பா? ஃபைல விட்டுட்டு வந்த கவனமில்லாத ஆளுன்னு பாஸ் லெட்டர்ல எழுதிக் குடுத்துட்டாரு. போற எடமெல்லாம் அந்த லெட்டரத்தான் கேக்குறாங்க." சொல்லிவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அந்தப் பேப்பரப் படிச்சீங்களா மேடம்?"

"எந்தப் பேப்பர்?" என்றேன். ஒரு வருடம் கழித்தும் என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"உங்க பேரு எழுதியிருந்துச்சே, அந்தப் பேப்பர்."

கவுன்டரில் யார் பெயரையோ கூப்பிட்டார்கள். எங்களுடையது இல்லை.

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எம், ஏ, எல், ஏ, ஆர். இதுகூட எழுத்துக் கூட்டத் தெரியாதா எனக்கு?" சத்தமாகவே சிரித்தாள். "மூனு தடவ மூடித் தெறந்து பாத்தேன். மூனு தடவையும் நீங்கதான் வந்தீங்க. அதான் உங்க கையில மட்டும் குடுத்தேன். எல்லார் முன்னாலயும் உங்க பேர வாசிச்சா நல்லாருக்காதுலா. நீங்களே பாஸ்கிட்ட சொல்லிக்குவீங்கன்னு வெள்ளிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் பாத்தேன்."

நான் கவுன்டர் பக்கம் பார்த்தேன்.

"அதுக்கப்பறம் நானே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"பாஸ்கிட்டதான். நோட்டுல இன்னொரு தாள்ல எழுதி வச்சிருந்தேன். அடுத்த திங்கக்கெழம கொண்டு போய்க் குடுத்தேன், நீங்க சாப்பாட்டுக்குப் போயிருந்தீங்க. ரெண்டு தடவ படிச்சாரு. அவருக்கு வெளங்கிருச்சி. தாள மடிச்சி உள்ள வச்சிக்கிட்டாரு. என்னா சொன்னாரு தெரியுமா?" லெட்சுமி பாஸின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அவளுக்கு அந்தப் பேச்சு நன்றாக வந்தது. "'உம்மைப் போல ஆள் எனக்கு நாளைக்கே கிடைக்கும். அவளைப் போல ஆள் கிடைக்காது. இனி அவள் என்னட்ட ஒண்டும் கேக்கவும் மாட்டாள்.'"

தங்கை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைகள். போன முறை மாதிரி பிழை வந்தால் என்ற அந்தச் சிரிப்பு. ஒரு வருடத்தின் ஒற்றை வரிகளுக்கெல்லாம் முதல் வரி இப்போதுதான் என் கையில் கிடைத்தது.

"என் லெட்டர மாத்திக் குடுக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு" என்றாள். "நீங்க சொன்னா மாத்துவாரா மேடம்?"

அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அங்கே யோசிக்க நேரம் இருக்கவில்லை. ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"கருப்பையா!"

நான் எழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள்.

"போங்க மேடம்" என்றாள் லெட்சுமி. "அப்பாவக் கூப்புடுறாங்க."

முத்திரை விழுந்தது. இன்னும் ஒரு வருடம். திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் வேறொரு கவுன்டரில், முதுகு காட்டி நின்று, பாரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டம் கட்டமாக இருக்கும் பாரம்தான். பக்கத்தில் போயிருக்கலாம். படியிறங்கி வந்துவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போய் பாஸ்போர்ட்டைப் பாஸின் மேசையில் வைத்தேன். லெட்சுமியின் லெட்டரைப் பற்றிக் கேட்பதென்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்திருந்தேன். நல்ல வாக்கியம். அவர் சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே மேலாகவே கிடந்தது. கட்டம் போட்ட தாள், நான்காக மடித்தது. மேல் மடிப்பில் கட்டத்துக்கு ஒரு எழுத்தாகப் பெரிய எழுத்துகள். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். மூட அவசரப்படவில்லை. என் பாஸ்போர்ட்டை அந்தத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் விரலால் ஒழுங்காக நகர்த்திவிட்டு, மெதுவாகத் தள்ளிப் பூட்டினார்.

"ஏதும் கேக்கோணுமோ?"

"இல்லை சார்."

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போய் வேலையைப் பாரும்."

போய்க் குடித்தேன்.